புல்லின் வைரமும் கொட்டையின் தந்தமும்

பனையை மரமென்றே சொல்லிப் பழகிவிட்டோம். தொல்காப்பியர் இதனை ஒப்பார். வைரம் உள்ளே இருப்பது மரம், புறத்தே இருப்பது புல் என்பது மரபியலில் அவர் வகுத்த கணக்கு. அப்படியானால் பனையும் தென்னையும் புல்லினமே. வகுப்பிலே இதைச் சொன்னால் மாணவர் சிரிப்பர். பனை பிளக்கும் தச்சர் சிரிக்கமாட்டார். கோடாலியும் ஆப்பும் கொண்டு முதிர்ந்த பனையைப் பிளந்தால், ஓரம் கறுத்து இரும்பாக நிற்கும். நடுவே இருப்பது வெறுஞ்சோறு. சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு ஓரத்தையே எடுப்பார்கள்.

எங்கள் வீடுகளின் வளையும் சலாகையும் அந்த ஓரந்தான். எஞ்சிய துண்டுகள் கைத்தடியாகும், அளவுகோலாகும், குடைப்பிடியாகும். வேலை இலகுவன்று. உளி விரைவில் மழுங்கும். நாரோட்டம் பாராமல் இழைத்தால் சிராய் எழும்பிக் கையைக் கிழிக்கும். ஆயினும் மெருகேறியபின் கருமையிலே வெளிர்கோடுகள் ஓடும் அழகு கருங்காலிக்கும் இல்லை என்பது என் கட்சி.

தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலே பனையின் உறவு ஒன்று உண்டு. தாவரவியலார் 1798இல் அதற்கு இட்ட பெயரின் பொருள் 'தாவர யானை'. அதன் விதை இளமையில் நீராகவும் பின்னர் நுங்காகவும் இருந்து, முற்றியதும் தந்தம்போல் இறுகிவிடும். அதைக் கடைந்து சட்டைத் தெறிகளும் சதுரங்கக் காய்களும் செய்தனர். பிளாஸ்டிக் வந்ததும் அத்தொழில் நொடித்தது. யானைத் தந்த வணிகத்தைத் தடைசெய்ய 1989இல் உலக நாடுகள் முடிவெடுத்தபின் மீண்டும் அதற்கு மதிப்பு வந்தது.

எங்கள் பனங்கொட்டையினுள்ளும் நுங்கு முற்றி இப்படித்தான் இறுகுகிறது. முளைக்கும் கன்றுக்கான கட்டுச்சோறு அது. நாம் அதைப் பாத்தியிலே புதைத்துப் பூரானாகவும் கிழங்காகவும் தின்றுவிடுகிறோம். தந்தமா கிழங்கா என்று கேட்டால் யாழ்ப்பாணத்தவர் எதைக் கேட்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஒரு வேறுபாடு உண்டு. அந்தத் தந்தத்துக்கு மரம் விழவேண்டியதில்லை. விழுந்த காயைப் பொறுக்கினால் போதும். பனை வைரத்துக்கோ மரமே விழவேண்டும். போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்ட பனைகள் ஏராளம். வைரம் ஏறப் பல பத்தாண்டுகள் செல்லும் என்பதால், இன்று நிற்கும் வடலிகள் அந்த இழப்பை உடனே ஈடுசெய்யா. கைவினைக்காக உயிர்ப்பனையைத் தறிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் பழைய வீடுகள் பிரிக்கப்படுகின்றன. அவற்றின் வளைகளும் சலாகைகளும் விறகாகின்றன. இறைப்பு நின்ற கிணற்றடிகளிலே துலாக்கள் உக்குகின்றன. அரைச்சாண் துண்டு கிடைத்தாலும் ஓர் அலுமாரிப் பிடியோ பேனாத் தாங்கியோ கடையலாம். அடுப்புக்குக் கொடுக்குமுன் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.