நிலத்தடி எண்ணெயை இறைத்த பழைய முறைகள்

மின்சாரம் ஊர்களுக்குள் வருமுன் மண்ணெண்ணெய் விளக்கில்லாத வீட்டை இலங்கையிற் காண்பது அரிது. அவ்விளக்குக்கு வேண்டிய எண்ணெய் பூமிக்கடியிலிருந்து கிடைப்பது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயின், அஃது எவ்வாறு மேலே வந்தது என்று வினவினால், நிலத்தைத் துளைத்ததும் ஊற்றாகப் பீறிட்டு வந்தது என்றே பலரும் விடையிறுப்பர். பீறிட்ட கிணறுகள் உண்டு. ஆனால் அவை சிலவே. அவை பீறிட்ட காலமும் சிறிதே. எஞ்சிய கிணறுகளிலெல்லாம் எண்ணெயை யாரேனும் இறைத்தே தீரவேண்டும். முதலில் மனிதன் தன் தோள்வலியால் இறைத்தான். பின்னரே நீராவியின் துணையை நாடினான்.

நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி நிற்கின்றது என்று எண்ணுவது தவறு. மணற்கல்லின் நுண்ணிய துளைகளில், ஈரச் செங்கல்லில் நீர் நிற்பதுபோல, அது செறிந்து நிற்கின்றது. அதனோடு எரிவாயுவும் கலந்திருக்கின்றது. மேலேயுள்ள பாறைகளின் அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கும் அவ்வாயு, ஒரு வழி திறந்தவுடன் விரிந்து எண்ணெயைத் தள்ளுகின்றது. வாயுவின் வேகம் தணிந்தபின் எண்ணெய் கிணற்றின் அடியிற் சிறிது சிறிதாகக் கசிந்து ஊறுமேயன்றித் தானாக மேலே வாராது. எண்ணெயை உந்தும் இவ்வாயுவே கிணற்றில் இறங்குபவனுக்கு இயமனுமாகின்றது. இதனைப் பர்மாவின் கிணறுகளைப்போலத் தெளிவாகக் காட்டுவன வேறில்லை.

ஐராவதி நதியின் கீழ்க்கரையில், மத்திய பர்மாவின் வறண்ட மேட்டு நிலத்தில், யேனாஞ்சவுங் என்னும் ஊர் உள்ளது. பர்மிய மொழியில் எண்ணெய்க்கு ‘நாற்ற நீர்’ என்று பெயர். அந்நீரின் ஓடை என்பதே ஊர்ப் பெயரின் பொருள். 1795ஆம் ஆண்டில் ஆவா அரசவைக்குத் தூது சென்ற மைக்கேல் சைம்ஸ் என்னும் பிரித்தானியப் படையதிகாரி இவ்வூர்க் கிணறுகளைக் கண்டு எழுதிவைத்தார். இரண்டாண்டுகளின் பின் அங்குச் சென்ற ஹைரம் கொக்ஸ் ஏறத்தாழ 520 கிணறுகள் இருந்தனவாகக் குறித்துள்ளார். அமெரிக்காவில் எண்ணெய்க்கென முதற்கிணறு துளைக்கப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே பர்மாவில் இத்தொழில் வேரூன்றியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பர்மியர் அவ்வெண்ணெயை விளக்கெரிக்கவும், படகுகளின் மரத்திற்குப் பூசவும், பூச்சி அரியாமல் ஓலைச் சுவடிகளுக்குத் தடவவும் பயன்படுத்தினர்.

சைம்ஸ் கண்ட கிணற்றின் வாய் ஏறக்குறைய நான்கு அடிச் சதுரம். மண் சரியாதபடி உட்புறம் மரச் சட்டங்களால் வரியப்பட்டிருந்தது. ஆழம் 37 பாகம், அதாவது 222 அடி என்று அவருக்குச் சொல்லப்பட்டது. கிணற்றின் மேல் இரு மரக் கால்களில் ஓர் உருளை சுழலும். அதன்மேற் செல்லும் கயிற்றின் ஒரு நுனியிற் பாத்திரம் கட்டப்பட்டிருக்கும். பாத்திரம் நிறைந்ததும் இருவர் கயிற்றின் மறுநுனியைப் பற்றிக்கொண்டு ஓடுவர். அவர்கள் ஓடுவதற்கென்றே கிணற்றின் ஆழத்துக்கு ஒத்த நீளமுடைய பாதை ஒன்று நிலத்தில் வெட்டப்பட்டிருக்கும். பாதையின் முடிவை அவர்கள் எட்டும்போது பாத்திரம் கிணற்றின் வாயை எட்டும். தென்னிந்தியாவிற் கவலை ஏற்றத்தில் எருதுகள் சரிவிலே இறங்கி நீர் இறைப்பதைக் கண்டவர்களுக்கு இம்முறை விளங்குதல் எளிது. எருது செய்யும் வேலையை இங்கு மனிதர் செய்தனர் என்பதே வேறுபாடு. எண்ணெயும் நீரும் கலந்து வந்ததைத் தொட்டியில் ஊற்றி வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அடியில் நிற்கும் நீரைத் துளை வழியே வடித்துவிடுவர்.

இறைத்தல் இவ்வளவே. தோண்டுதலிலேதான் உயிர் தொக்கி நின்றது. ஊற்றுக் குறையுந்தோறும் கிணற்றை ஆழப்படுத்த வேண்டும். ஆழப்படுத்துந்தோறும் வாயு மிகும். 1890களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிரிட்ஸ் நொயெற்லிங் என்பவர் இம்முறையை நேரில் ஆராய்ந்தார். கயிற்றுப் பிணையலில் அமர்த்தித் தொழிலாளி ஒருவனை உள்ளே இறக்குவர். சிறு பொறியும் கிணற்றை வெடிக்கச் செய்யுமாதலின் விளக்குக் கொண்டு செல்ல இயலாது. வெயிலிலிருந்து இருளுக்குள் இறங்குபவனுக்குக் கண் தெரியச் சில நிமிடங்கள் வேண்டும். அவன் கீழே உயிரோடு நிற்கக்கூடியதும் அச்சில நிமிடங்களே. ஆகையால், இறங்குவதற்கு முன்பே அவன் கண்களைத் துணியாற் கட்டி வைப்பர். அடியைச் சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு, இரும்புப் பூண் இட்ட கருவியால் மண்ணைக் கொத்துவான். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவர்கள் விரைந்து இழுப்பர். அவன் இளைப்பாற, வேறொருவன் இறங்குவான். கடினமான பாறை குறுக்கிட்டால், பாரமான இரும்புக் கட்டியொன்றை வாயிலிருந்து கயிற்றை அறுத்து விழவிட்டுப் பாறையைப் பிளப்பர். பின்பு ஒருவன் இறங்கி அக்கட்டியைக் கட்டிவிட, அதனை மேலே இழுத்து மீண்டும் விழவிடுவர்.

முத்துக் குளிப்போன் மூச்சடக்குவது நீருக்கு அஞ்சி. அவன் நீரைக் கண்ணாற் காண்கிறான். எண்ணெய்க் கிணற்றில் இறங்கியவனோ, காற்றுப் போலவே தோன்றும், காற்றல்லாத ஒன்றைச் சுவாசித்தான். மயக்கம் முன்னறிவிப்பின்றி வந்தது. மேலே கயிறு பிடித்தவனுடைய கவனம் ஒன்றே அவனுக்குக் காப்பு. கூலிக்காக இறங்கிய இம்மனிதரின் பெயர்களைச் சைம்ஸ் முதல் நொயெற்லிங் வரை எவரும் எழுதி வைத்தாரல்லர்.

கிணற்றுக்கு உடையவர் வேறாவர். துவின்சா எனப்பட்ட அவர்கள் பரம்பரை உரிமையாளர். ஒரு நகரின் வருவாயை உண்பவனை ‘நகர் உண்போன்’ என வழங்குதல் பர்மிய மரபு. அவ்வாறே துவின்சா என்பவன் ‘கிணறு உண்போன்’. உரிமை 24 குடும்பங்களுக்கு உரியதாய் இருந்தது. கிணறு தோண்டும் இடத்தைக் குறிக்கும் அதிகாரமும் அக்குடும்பத் தலைவர்களிடமே இருந்தது. 1850களில் மிண்டோன் மன்னர் எண்ணெய் வாணிகத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். அப்பதிற்றாண்டிலேயே பர்மிய எண்ணெய் இலண்டனுக்குச் சென்று, அங்குள்ள புகழ்பெற்ற மெழுகுவர்த்தித் தொழிற்சாலையொன்றில் மெழுகாகவும் விளக்கெண்ணெயாகவும் மாறியது.

இவ்வாறு மனிதன் கிணற்றினுள் இறங்கும்வரை கிணற்றின் ஆழத்தை அவன் மூச்சே வரையறுத்தது. மனிதன் இறங்கத் தேவையில்லாத கிணறு பிறந்தபோதே அவ்வெல்லை நீங்கியது. அமெரிக்காவில் அது பிறந்த இடம் எண்ணெய் வயலன்று, உப்பளம். மேற்கு வேர்ஜீனியாவின் கனாவா பள்ளத்தாக்கில், 1806 முதல் 1808 வரை, ரவ்னர் சகோதரர் உப்பு நீரைத் தேடிப் பாறையைத் துளைத்தனர். நீண்ட பச்சை மரக்கழி ஒன்றின் அடியை நிலத்திற் பதித்து, நடுவில் தாங்கு கொடுத்து, நுனியைத் துளைக்கு மேலே நிறுத்துவர். நுனியிலிருந்து கயிற்றிலே கனத்த இரும்பு உளி தொங்கும். இருவர் கழியைக் காலால் மிதித்துத் தாழ்த்தினால் உளி பாறையிற் குத்தும். காலை எடுத்தால் கழி வில்போல் நிமிர்ந்து உளியைத் தூக்கும். யாழ்ப்பாணத்துத் துலாவை மிதிப்பவர்களுக்கு இது புதுமையன்று. துளையின் அகலமோ ஒரு சாணுக்கும் குறைவு.

1859ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 27ஆம் நாள், பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் நகருக்கு அருகே, எட்வின் டிரேக் என்பவரின் துளை 69 அடி ஆழத்தை எட்டியது. டிரேக் முன்னர் இரயிலிற் பயணச் சீட்டுப் பரிசோதிப்பவராய் இருந்தவர். அவருக்குத் துணை நின்றவர் உப்புக் கிணறுகளுக்குக் கருவி செய்து பழகிய வில்லியம் ஸ்மித் என்னும் கொல்லர். மேல்மண் சரிந்து துளையை மூடிக்கொண்டேயிருந்தபோது, இரும்புக் குழாயை 32 அடி கீழேயுள்ள பாறைவரை அடித்து இறக்கி, அதனுள்ளே துளைக்கும் உபாயத்தை டிரேக் கண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குழாயினுள்ளே எண்ணெய் மிதப்பதைப் பார்த்தவர் ஸ்மித்தே. டிரேக்கின் எண்ணெய் பீறிடவில்லை. வீட்டில் நீர் இறைக்கும் கைப்பம்பி ஒன்றை மாட்டியே அதனை முதலில் இறைத்தனர். தம் உபாயத்துக்கு டிரேக் காப்புரிமை பெறவில்லை. வறுமையுற்ற அவருக்கு 1873இற் பென்சில்வேனியா அரசு ஆண்டுதோறும் 1500 டொலர் உதவிப்பணம் அளிக்க நேர்ந்தது.

கிணறுகள் ஆழமானதும் கைப்பம்பி உதவாதாயிற்று. மேலேயிருந்து உறிஞ்சும் பம்பி நீரை ஏறத்தாழ 34 அடிக்குமேல் ஏற்றாது. உண்மையில் ஏற்றுவது பம்பியன்று, வெளிக்காற்றின் அழுத்தம். அவ்வழுத்தம் தாங்கும் நீர்த்தூணின் உயரம் அவ்வளவே. ஆகவே, எண்ணெயைப் பம்பியிடம் கொணர்வதை விடுத்துப் பம்பியை எண்ணெயிடம் கொண்டு சென்றனர். கிணற்றின் அடியில், சிறு குழாயின் முனையில், ஓர் உருளையைப் பொருத்தி, அதன் அடியில் மேல்நோக்கி மட்டும் திறக்கும் வால்வை வைத்தனர். உருளையினுள்ளே தோல் வளையமிட்ட ஆடுதண்டு ஏறி இறங்கும். அதற்கும் ஒரு வால்வு உண்டு. தண்டு இறங்கும்போது எண்ணெய் அதனூடே மேலே புகும். ஏறும்போது மேலுள்ள எண்ணெய் தூக்கப்பட, கீழிருந்து புதிய எண்ணெய் உருளையை நிரப்பும். இத்தண்டை அசைக்க மரக்கோல்களை இரும்புப் பூட்டால் ஒன்றோடொன்று இணைத்துக் கிணற்றின் வாய்வரை கொணர்ந்தனர். மேலே, தராசுக்கோல் போல ஆடும் பெரிய மர உத்திரத்தின் ஒரு முனையில் அக்கோல்களும் மறுமுனையில் நீராவி இயந்திரமும் பூட்டப்பட்டன. பிற்காலத்தில் ஓர் இயந்திரத்தை நடுவில் வைத்து, காட்டுக்குள் நாற்புறமும் நீண்ட கோல்களால் பல கிணறுகளை ஒருங்கே இயக்கினர்.

நிலத்தடி நீர் எண்ணெயோடு கலவாமற் காக்கக் கையாண்ட உபாயம் சுவையானது. எண்ணெய்க் குழாயைச் சுற்றித் தோற்பை ஒன்றைக் கட்டி, அதனுள் உலர்ந்த ஆளிவிதையை நிரப்பி இறக்குவர். நீர் பட்டதும் விதை ஊதிப் பருத்து, துளையின் சுவரோடு பையை இறுக்கி, மேலிருந்து வரும் நீரை அடைத்துவிடும். உழவர் வீட்டு அறிவன்றி வேறெந்த விஞ்ஞானமும் இதற்கு வேண்டியிருக்கவில்லை.

பீறிட்ட கிணறுகளோ நன்மையோடு நாசத்தையும் கொணர்ந்தன. 1861ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் ஹென்றி ரவுஸ் என்பவரின் கிணறு பீறிட்டபோது வாயு தீப்பற்றி 19 பேர் மாண்டனர். ரவுஸும் அவர்களுள் ஒருவர். அவ்வாண்டின் இறுதியில் எண்ணெய் மிகுந்து, ஒரு பீப்பாய் எண்ணெய் 10 சதத்துக்கு வீழ்ந்தது. மரப் பீப்பாயின் விலை அதனினும் மிகுதி. ஊற்றுத் தளர்ந்த கிணறுகளுக்கு மறுபடியும் உயிரூட்ட, எட்வர்ட் ரொபேர்ட்ஸ் என்னும் போர்வீரர் 1865இல் வெடி வைக்கும் முறையைப் புகுத்தினார். வெடிமருந்தைக் குழலில் அடைத்து இறக்கி, மேலே நீரை நிரப்பி, இரும்புக் குண்டை விழவிட்டு வெடிக்கச் செய்தால், அடிப்பாறை பிளந்து எண்ணெய்க்கு வழி விடும். அவருக்குரிய காப்புரிமைப் பணத்தைக் கொடாமல் இரவில் திருட்டுத்தனமாக வெடிவைத்தவர்களை ‘நிலாவொளிக்காரர்’ என்று மக்கள் அழைத்தனர்.

காஸ்பியன் கடலோரத்துப் பாக்கு நகரில் நிலைமை வேறு. அங்கு எண்ணெயோடு நுண்மணல் மிகுதியாக வந்து பம்பியின் தோலையும் வால்வையும் தேய்த்துவிடும். ஆகையால் அங்குள்ளோர் நீண்ட உலோகக் குழல் ஒன்றைக் கம்பியிற் கட்டி இறக்கி, அதன் அடியிலுள்ள வால்வு வழியே எண்ணெயும் மணலும் புக, நீராவி இயந்திரத்தால் மேலே இழுத்துக் கவிழ்த்தனர். நோக்கினால், யேனாஞ்சவுங்கின் பாத்திரமும் கயிறுமே இங்கு இரும்பாய் மாறி நின்றன. 1920களிற் பம்பிகள் பெருமளவில் நிறுவப்படும்வரை பாக்குவில் இம்முறை நிலைத்தது.

பர்மாவிற்கு மீள்வோம். 1886இல் மேற்பர்மா பிரித்தானியர் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே பர்மா எண்ணெய்க் கம்பனியும் தோன்றியது. விரைவில் யேனாஞ்சவுங்கில் இயந்திரத் துளைகள் இறங்கின. துவின்சாக்களின் உரிமையைப் புதிய அரசு ஏற்று, அவர்களுக்கெனத் தனி நிலம் ஒதுக்கியது. அந்நிலத்தில் கைக்கிணறு அழிந்துவிடவில்லை. 1895ஆம் ஆண்டளவில் கடலிற் குளிப்போர் அணியும் உலோகத் தலைக்கவசம் அங்கு வந்து சேர்ந்தது. மேலிருந்து குழாய் வழியே காற்றை ஊதிக் கொடுக்க, தோண்டுவோன் நிமிடக் கணக்கை மறந்து வேலை செய்தான். பல தலைமுறையாக அவனைக் கொன்ற வாயுவுக்கு இவ்வளவு எளிய மருந்து இருந்தது. அது வந்தபோது கைக்கிணற்றின் காலமோ முடியுந் தறுவாயில் இருந்தது. துவின்சாக்கள் பலர் தம் கிணற்றிடங்களைக் கம்பனிகளுக்கு விற்றனர். சில அடி இடைவெளியில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு துளைக்கோபுரங்கள் எழுந்தன. 1942 ஏப்ரலில், ஜப்பானியப் படை நெருங்கியபோது, பின்வாங்கிய பிரித்தானியர் அவ்வயலின் கிணறுகளையும் இயந்திரங்களையும் தாமே அழித்துவிட்டுச் சென்றனர்.

யேனாஞ்சவுங் அடங்கிய மாக்வே பிரதேசத்தில் 2010களிலும் ஏழைத் தொழிலாளர் மூங்கிலாலும் மரத்தாலும் முக்காலி நட்டு, சிறிய இயந்திரத்தைப் பூட்டி, தாமே துளைத்து எண்ணெய் இறைத்து, பீப்பாய்க் கணக்கில் வியாபாரிகளுக்கு விற்றுவந்தனர்.