ஐந்துக்கு ஐந்து மீட்டரில் ஊரின் இழப்பீடு

குத்தம்பாக்கம் என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது பேருந்து முனையம்தான். ஆனால் பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள இந்த ஊரில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் பார்த்து நெல் நடுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2019 கோடையில் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டு கிடந்தது. அப்படியொரு ஆண்டில் அரசும் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து விவசாயிக்கு என்ன தரும்?

2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 450 ரூபாய். மீதிப் பிரீமியம் மத்திய, மாநில அரசுகளுடையது. டெண்டரில் தேர்வான நிறுவனம் இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும். திட்டம் வந்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

வறட்சி என்று வந்தால் உங்கள் வயலை மட்டும் தனியாக யாரும் பார்ப்பதில்லை. நெல்லுக்கு வருவாய் கிராமம்தான் கணக்கு. சில சர்வே எண்களைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். அறுவடையன்று அந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, நான்கு மூலையிலும் முளையடித்து, உள்ளே நிற்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். அந்தச் சில கிலோ நெல்தான் ஊர் முழுவதற்குமான பணத்தை முடிவு செய்கிறது. ஊருக்கென்று முன்கூட்டியே வைத்த உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,500 கிலோ, இந்த அறுவடைச் சோதனைகளின் சராசரி 900 கிலோ என்றால் குறைவு 40 சதவீதம். 30,000-க்கு 12,000 ரூபாய் கிடைக்கும். சராசரி 1,500-ஐத் தொட்டுவிட்டால், உங்கள் பயிர் கருகியிருந்தாலும் ஒன்றுமில்லை.

மழையில்லாமல் ஊரில் 75 சதவீதத்துக்கு மேற்பட்ட பரப்பில் விதைப்பே நடக்காமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் உண்டு.

அரசு தன் பிரீமியப் பங்கைத் தாமதித்தால், நிறுவனமும் கையை மடக்கிக்கொள்ளும். அடுத்த பருவத்துக்கு விதை வாங்கும் நேரம் கடந்து வரும் பணம் வட்டிக்காரருக்குத்தான் போய்ச் சேரும்.

எடை போடுமிடத்தில் நிறுவனத்தின் ஆள் உடனிருந்து பார்க்க விதி இடம் தருகிறது. அப்படியானால் ஊராரும் கட்டாயம் நிற்க வேண்டும் என்பேன். 1996 முதல் பத்தாண்டுகள் ரங்கசாமி இளங்கோ தலைவராயிருந்து, கிராம சுயாட்சிக்குப் பேர் வாங்கித் தந்த ஊராட்சி குத்தம்பாக்கம். உத்தரவாத மகசூல் எவ்வளவு, இன்னும் யார் யார் காப்பீடு செய்யவில்லை என்று நவம்பர் 1 கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26-ல், எந்தச் சர்வே எண்ணில் எத்தனை கிலோ வந்தது என்ற பட்டியலைக் கேட்டு வாங்கலாம்.