கம்பு எப்போது ஆயுதமாகிறது?

பத்மநாபபுரம் அரண்மனையில் ஆயுதங்கள் வைத்திருக்கிற பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல். வாள், வேல் எல்லாம் பட்டறையில் ஆயுதமாகவே பிறந்தவை. 1987 டிசம்பரில் தொடங்கிய இன்டிஃபாதாவில் பாலஸ்தீனப் பையன்கள் எடுத்தது கல்லும் கவணும். அதெல்லாம் எந்த அரண்மனைச் சுவரில் தொங்கும்? ஆயுதமாகப் பிறக்காமல் ஆயுதமாகிப் போனவற்றின் வரலாற்றை எங்கே போய்த் தேடுவது?

நமக்குப் பக்கத்தில் கிடைப்பது வளரி. கள்ளர், மறவர் சீமைகளில் வேட்டைக்கு எறிந்த வளைந்த கம்பு. மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் தந்தத்திலும்கூட உண்டு. கள்ளர் கல்யாணத்தில் இரு வீட்டாரும் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை 1909இல் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். ஆக காட்டில் கருவி, கல்யாணப் பந்தலில் சீர், கும்பினிப் பட்டாளத்துக்கு முன்னால் ஆயுதம். பொருள் என்னவோ ஒன்றுதான். அர்த்தம்தான் கை மாறிக்கொண்டே இருக்கிறது.

மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1இல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்து பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடுத்தது. எது கருவி, எது ஆயுதம் என்று தீர்மானிக்கும் உரிமை, வைத்திருந்தவன் கையைவிட்டுப் பறிக்க வந்தவன் கைக்குப் போனது அப்போதுதான் என்பேன்.

இதில் இன்னொரு கூத்து. வளரி வீச்சுக்கு நாம் எல்லோரும் இழுக்கிற சாட்சி ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி. தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். சின்ன மருது எழுதத் தெரியாத ஆளா என்ன? 1801 ஜூனில் திருச்சிக் கோட்டைச் சுவரில் பிரகடனம் ஒட்டியவர் அவர். ஆனாலும் கம்பு எறிவதை யார் உட்கார்ந்து எழுதுவான்? வேடிக்கையாகப் பார்த்த அந்நியன்தான் எழுதுவான். அவன் குருவையே விலங்கில் பார்த்தவன் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பிரதியை வாசிக்க வேண்டியிருக்கிறது.

அதே வெல்ஷ் நம்மூருக்கும் வந்தார். வேலுத்தம்பி கலகத்தின்போது, 1809 பிப்ரவரி 10இல், ஆரல்வாய்மொழி அரணை ஏறிப் பிடித்தது அவர் தலைமையில்தான். டி லன்னாய் காலத்தில் பீரங்கி வார்த்த உதயகிரியும், கருங்கல் மதில் போட்ட பத்மநாபபுரமும் அதே மாதம் சண்டையில்லாமல் கதவு திறந்தன. 1799இல் தரைமட்டமாக்கப்பட்டு, ஊமைத்துரை ஆட்கள் அவசரமாக எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சி மண்சுவர், 1801 மார்ச் 31இல் தாக்க வந்த பட்டாளத்தைத் திருப்பி அனுப்பியது. அதைப் பிடிக்க மே 24 வரை ஆயிற்று. அங்கேயும் வெல்ஷ் இருந்தார்.