67-ஆ, 73-ஆ?

பிரபஞ்சம் விரிகிறது என்பதில் வானியலாளர்களுக்குள் சண்டை இல்லை. எவ்வளவு வேகமாக என்பதில்தான் பத்தாண்டாக இழுபறி.

ஒரு தரப்பின் ஆதாரம் பிளாங்க் செயற்கைக்கோள். பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் கிளம்பிய ஒளி, இன்று நுண்ணலையாக வானம் முழுக்க நிறைந்திருக்கிறது. அதிலுள்ள மிக நுட்பமான வெப்ப வேறுபாடுகளை பிளாங்க் அளந்தது. அதை வைத்துக் கணக்கிட்டு 2018-இல் சொன்ன விடை 67.4. அதாவது, தூரம் 32.6 லட்சம் ஒளியாண்டு கூடும்போதெல்லாம் காலக்ஸிகள் விலகும் வேகம் நொடிக்கு 67.4 கிலோமீட்டர் கூடுகிறது.

மறு தரப்பு காலக்ஸிகளின் தூரத்தையே அளக்கிறது. அதற்குக் கைகொடுப்பவை செஃபீட் விண்மீன்கள். இவற்றின் பிரகாசம் சில நாள் முதல் சில மாதம் வரையிலான சீரான இடைவெளியில் கூடிக் குறையும். இடைவெளி நீள நீள, விண்மீனின் உண்மையான ஒளியும் அதிகம் என்று ஹென்ரியட்டா லெவிட் 1912-இல் காட்டினார். உண்மையான ஒளி தெரிந்துவிட்டால், இங்கிருந்து பார்க்க அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிடலாம். அதே காலக்ஸியில் '1ஏ' வகை சூப்பர்நோவாவும் வெடித்திருந்தால், அந்த வெடிப்பின் ஒளியை அளவுகோலாக்கிக்கொண்டு இன்னும் தொலைவுக்குப் போகலாம். ஆடம் ரீஸ் குழு இப்படித்தான் 2022-இல் 73.04 என்று கண்டது.

இதற்கு முன்பும் சண்டை உண்டு. 1970-களில் ஒருவர் 50 என்றார், இன்னொருவர் 100 என்றார். அன்று அளவீட்டுப் பிழைகள் பெரிது. இன்றோ பிளாங்கின் பிழை வரம்பு 0.5, ரீஸ் குழுவினுடையது 1.04. இரண்டும் தொட்டுக்கொள்ளக்கூட இல்லை.

பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்து செஃபீட்களின் அளவைக் கெடுத்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது. கூர்மையான ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோதும் ஹபிள் தொலைநோக்கி தந்த தூரங்கள் மாறவில்லை. ஆனால் செஃபீட்களை விட்டுச் சிவப்பு ராட்சத விண்மீன்களைப் பயன்படுத்திய வெண்டி ஃப்ரீட்மன் குழுவுக்கு 2019-இல் கிடைத்தது 69.8. இது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. 73 என்பது அளந்தது. 67 என்பது இன்றைய அண்டவியல் கோட்பாடு சரி என்று வைத்துக்கொண்டு வருவித்தது. அளவில் பிழை இல்லை என்று உறுதியானால், கோட்பாட்டில்தான் ஓட்டை.

இரு தரப்பையும் சாராத சாட்சியும் உண்டு. இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி எழுந்து, 2017 ஆகஸ்ட் 17 அன்று பூமியில் பதிவான ஈர்ப்பு அலைகள், மோதல் நடந்த தூரத்தை நேரடியாகவே சொல்லிவிட்டன. அதிலிருந்து வந்த விடை 70. ஆனால் அது 62 முதல் 82 வரை எதுவாகவும் இருக்கலாம். ஒற்றைச் சாட்சி போதாது. இப்படிப் பல மோதல்கள் பதிவாகும்வரை புதிய இயற்பியல் பிறந்துவிட்டதாகக் கொண்டாடுவது அவசரம். அளவீட்டுப் பிழை என்று ஒதுக்குவதும் அதே அளவு அவசரம்.