சரவணன் மீனாட்சி: ஆள் மாறியும் பெயர் மாறாத ஜோடி

சென்ற மாதம் அபர்டீன் பஜார் மணிக்கூண்டுக்கு அருகே காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நம் சங்கத்துப் பெண்மணிகள் இருவர், "எந்தச் சரவணன் நல்ல சரவணன்?" என்று காரசாரமாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் என் மனைவிக்கும் பேத்திக்கும் இதே வழக்குத்தான். ரயிலே இல்லாத தீவுக்கு மகனோடு வந்துவிட்ட ஓய்வுபெற்ற ரயில்வே எஞ்சினியருக்கு வேறென்ன வேலை? உட்கார்ந்து ஆராய்ந்தேன்.

விஜய் டிவியில் 'மதுரை' என்றொரு தொடர் வந்தது. அதில் சரவணனாகச் செந்திலும் மீனாட்சியாக ஸ்ரீஜாவும் நடித்தார்கள். இந்த ஜோடியை மக்களுக்கு மிகவும் பிடித்துவிடவே, அவர்கள் பெயரையே தலைப்பாக்கி 2011இல் 'சரவணன் மீனாட்சி' தொடங்கியது. 2013இல் இரண்டாம் பாகம், 2016இல் மூன்றாம் பாகம் என்று 2018 வரை ஓடியது. இரண்டாம் பாகத்திலிருந்து ரச்சிதா மீனாட்சி ஆனார். சரவணன்தான் மாறிக்கொண்டே இருந்தார். முதலில் இர்பான், பிறகு கவின், அதன்பின் ரியோ ராஜ்.

முன்பு சென்னையிலிருந்து மதுரை போகும் மீட்டர் கேஜ் வண்டிகளுக்கு விழுப்புரத்தில் மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் மாட்டுவார்கள். பெட்டியில் தூங்கும் பயணிக்கு அது தெரியாது. வண்டியின் பெயர் அதேதான். இந்தத் தொடரும் அப்படித்தான் ஓடியது.

அமெரிக்காவில் 'பிரெண்ட்ஸ்' தொடரின் ராஸும் ரேச்சலும் 1994 முதல் 2004 வரை அதே நடிகர்களாகவே பத்துப் பருவங்கள் சேர்ந்தும் பிரிந்தும் காதலித்தார்கள். அங்கே வாரம் ஒன்று, வருடத்துக்கு இருபத்துச் சொச்சம் பகுதிகள். நமக்கோ வாரத்தில் ஐந்து நாள் கதை நகர வேண்டும். கல்யாணத்தை எத்தனை மாதம்தான் தள்ளிப்போட முடியும்? தாலி ஏறிய பிறகு மாமியார், நாத்தனார், சந்தேகம், சமாதானம் என்று வந்தால்தான் வண்டி ஓடும். ஆகவே நம் தொடர்களில் பாதிக் காதல் கல்யாணத்துக்குப் பிறகுதான் வளர்கிறது. நம் வீடுகளிலும் பெரும்பாலும் அப்படித்தானே? சில மாதங்கள் சவ்வாக இழுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

செந்திலும் ஸ்ரீஜாவும் 2014இல் நிஜமாகவே மணந்துகொண்டார்கள். என் மனைவி அன்று பாயசம் வைத்தாள்.

இன்னொன்று. பேத்தி பள்ளியில் இந்தி பேசுகிறாள், வீட்டுக்கு வந்தும் பாதி இந்திதான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு பழைய பகுதிகளைப் போனிலேயே பார்க்கிறாள். "தாத்தா, நேற்று 'நீங்க' என்றாள், இன்று 'வா, போ' என்கிறாளே, சண்டையா?" என்று கேட்டாள். "சண்டை இல்லையம்மா, நெருக்கம்" என்றேன். கோபம் வந்தால் மறுபடி 'நீங்க' ஆகிவிடும் என்பதையும் சொன்னேன். நான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க முயன்றபோதெல்லாம் ஓடிவிட்ட பிள்ளை, அன்று ஒரு மணி நேரம் தமிழிலேயே கேள்வி கேட்டாள்.

கடைசியில் கேட்டாள்: "நீங்கள் பாட்டியை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

யோசித்துப் பார்த்தேன். நாற்பது வருடமாக "இந்தா", "ஏம்மா" தவிர வேறொன்றும் கிடையாது. அன்று மாலை முதன்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "உடம்புக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டபடி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.