ஏப்ரன் கட்டிய எழுத்தாளர்

ஆள்மாறாட்டக் கதைகளில் சிரிப்புக்கு அடியில் ஒரு சமூகமே தெரியும். பி.ஜி. வுட்ஹவுஸ் 1923இல் வெளியிட்ட ‘தி இனிமிட்டபிள் ஜீவ்ஸ்’ நூலில் பிங்கோ லிட்டில் வரும் கதைகள் அப்படிப்பட்டவை.

பிங்கோ, லண்டன் தேநீர்க்கடையில் பரிமாறும் மேபலைக் காதலிக்கிறான். சொந்தச் சம்பாத்தியம் கிடையாது. பெரியப்பா மார்ட்டிமர் லிட்டில் அளக்கிற படியில்தான் பிழைப்பு. கடைப்பெண்ணை மருமகளாக ஏற்பாரா அவர்? நண்பன் பெர்ட்டி வூஸ்டரின் பணியாள் ஜீவ்ஸ் வழி சொல்கிறார்: ரோஸி எம். பேங்க்ஸ் எழுதும் காதல் நாவல்களை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பிரபுக்கள் ஏழைப் பெண்களைக் கைப்பிடிக்கும் கதைகள் அவை. பெரியவர் உருகிப்போகிறார். அதோடு விடாமல், ரோஸி என்ற பெயரில் எழுதுவதே பெர்ட்டிதான் என்று பிங்கோ புளுகிவிடுகிறான். உண்டு உறங்குவது தவிர வேறு வேலை அறியாத பெர்ட்டிக்கு இலக்கிய மேதைக்கான மரியாதை கிடைக்கிறது. நல்ல குடும்பம், நல்ல கோட்டு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பின்னொரு கதையில் பிங்கோ வேறொரு பரிமாறும் பெண்ணை மணக்கிறான். அவள்தான் உண்மையான ரோஸி! அடுத்த நாவலுக்காகக் கிளப் வாழ்க்கையைக் கவனிக்க ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்தவள். நாடே படிக்கும் எழுத்தாளர் தட்டு ஏந்தி நடந்தபோது அங்கே சாப்பிட்டவர்களுக்கு அந்த ஏப்ரன்தான் தெரிந்தது. இந்த நூலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

ஆனால் ஒரு மனக்குறையும் உண்டு. பிங்கோ மணந்த பெண் கடைசியில் பணக்கார எழுத்தாளராக இருந்துவிடுகிறாள்; ஏழைப் பெண்ணாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்குக் கதை பதில் சொல்வதில்லை. மெய்யாகவே கடைப்பெண்ணான மேபல் கடைசியில் ஜீவ்ஸின் பக்கம், அதாவது தன் வர்க்கத்துக்குள்ளேயே போய்ச் சேர்கிறாள்.

வுட்ஹவுஸ் துணிந்த இடம் வேறு. மேபல் கதையின் முடிவில், நாவல்களில் மயங்கிய பெரியவர் தம் சமையற்காரியையே மணக்கப்போவதாக அறிவிக்கிறார். அந்தம்மாவுக்கு மாறுவேடமும் இல்லை, ஒளித்துவைத்த பணமும் இல்லை. பிங்கோவின் படி உயரவில்லை; காரணம், பெரியவருக்கு இனி சொந்தக் குடும்பச் செலவு இருக்கிறதாம்.