உப்புக் காற்றில் ஒரு யூசி3843

பாக் நீரிணையில் ராத்திரி மீன்பிடிக்கும் ராமேஸ்வரம் விசைப்படகுக்கு ஜிபிஎஸ் திரைதான் கண். 1974 ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோடு தண்ணியில தெரியாது, திரையில்தான் தெரியும். திரை அணைந்தால், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே தெரியாது. கடற்படை வந்து நின்ற பிறகு தெரிந்து என்ன பயன்? அதனால் 24 வோல்ட் பேட்டரியை 12 வோல்ட்டாக்கும் அந்தச் சின்னப் பெட்டியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இதற்கு எனக்குப் பிடித்த ஐசி யூசி3843. பழசு, மலிவு, எங்கேயும் கிடைக்கும். இதன் அண்ணன் 3842 சப்ளை 10 வோல்ட்டுக்கு இறங்கினால் படுத்துவிடும், இது 7.6 வரை தாங்கும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் இந்த வித்தியாசம் உதவும். ஆனால் சப்ளை பின் 30 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. சார்ஜ் ஆகும்போதே பேட்டரி 28-ஐத் தொடும், ஆகவே அங்கே ஒரு ரெசிஸ்டரும் ஜீனரும் கட்டாயம்.

உண்மையான எதிரி உப்பு. சோறுக்குப் போடும் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில்தான் நீர்த்துப்போகும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு, அதுக்கு 33 சதவீதமே போதும். ராமேஸ்வரத்தில் காற்று அவ்வளவு வறண்டு வீசுவது அபூர்வம். அப்போ போர்டில் படிந்த உப்பு எப்போதும் ஈரமாகவே இருந்து, கரண்ட்டைக் கசியவிடும்.

கசிவு அதிகம் பாதிப்பது ஃபீட்பேக் பின்னை. ஐசி அங்கே 2.5 வோல்ட்டை எதிர்பார்க்கும். மேலே 380 கிலோ ஓம், கீழே 100 கிலோ ஓம் போட்டால் அவுட்புட் 12 வோல்ட். கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக 1 மெகா ஓம் கசிவு வந்தால் அது 12.95 ஆகிவிடும். அதையே 38 கிலோ, 10 கிலோ என்று போட்டால் 12.1-தான். இதற்கான செலவு வெறும் 3 மில்லிவாட். மிச்சம் பிடிக்கிறேன் என்று மெகா ஓம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மேல் ரெசிஸ்டரே அரித்து அறுந்துபோனால்? பின்னுக்கு 0 வோல்ட்தான் கிடைக்கும். ஐசி 'அவுட்புட் போதவில்லை' என்று நினைத்து முழு வேகத்தில் தள்ளும், ஜிபிஎஸ் கருகும். அதனால் அவுட்புட்டில் ஃபீட்பேக்கை நம்பாத தனி ஜீனர், எஸ்சிஆர், முன்னால் ஒரு ஃபியூஸ். ஃபியூஸ் போனால் மாற்றிக்கலாம்.

சாலிடர் ஃப்ளக்ஸை நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே வார்னிஷ் பூசணும், இல்லாட்டி அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டினது மாதிரி. பெட்டியையும் மூடித்தான் ஆகணும். மூடினால் சூடு ஏறும். 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் பெயின்ட் அடித்த அலுமினியப் பெட்டி, மாஸ்ஃபெட்டை மைக்கா வைத்து அதன் சுவரோடு இறுக்கி, 105 டிகிரி கெபாசிட்டரை எதிர் மூலையில் வைப்பேன்.